திருவனந்தபுரத்தில் ஒன்றரை நாள்: எதைப் பார்ப்பது, எதை விடுவது?

கேள்வி, 8 நவம்பர் 2025

வீட்டுக்காரர் துபாயிலிருந்து வருகிறார். திருவனந்தபுரத்தில் இரவு எட்டு மணிக்கு இறங்குவார். கூப்பிடப் போகும் சாக்கில் முந்தின நாள் காலையே கிளம்பி ஊரைச் சுற்றிப் பார்த்துவிடலாம் என்று நினைக்கிறோம். நான், மாமியார், பிள்ளைகள் இரண்டு பேர் (பத்து வயது, ஆறு வயது). மாமியாருக்கு முழங்கால் வலி உண்டு. எங்கள் ஊர் கன்னியாகுமரி மாவட்டம் கருங்கல் பக்கம். பிள்ளைகள் எழுதித் தந்த பட்டியல் இது: மிருகக்காட்சி சாலை, மியூசியம், கோளரங்கம், கோவளம், வேளி, பொன்முடி, லுலு மால், குதிரை மாளிகை, சங்குமுகம். மாமியாருக்குப் பத்மநாபசுவாமி கோயில், ஆற்றுக்கால், பழவங்காடி. எல்லாம் முடியுமா அண்ணே?

8 நவம்பர், இரவு

முடியாது தங்கச்சி. பொன்முடியை இப்போதே அடித்துவிடுங்கள். போக ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர், அதிலும் கொண்டை ஊசி வளைவுகள். போய்வரவே ஒரு பகல் போய்விடும்.

மீதியைச் சொல்வதற்கு முன் ஒன்று தெரிய வேண்டும். எந்தக் கிழமை?

9 நவம்பர், காலை

23 ஞாயிறு காலை போய், 24 திங்கள் இரவு திரும்புவதாகத் தங்கச்சி சொல்லியிருக்கிறார். கேட்டது நல்லதாகப் போயிற்று.

திங்கட்கிழமை திருவனந்தபுரத்தில் மிருகக்காட்சி சாலை மூடல், மியூசியம் மூடல், குதிரை மாளிகை மூடல், கோளரங்கமும் மூடல். பட்டியலில் பாதி அன்றைக்குக் கிடையாது. ஆகவே உங்களுக்கு ஒன்றரை நாள் என்பது கணக்குக்குத்தான். கதவு, டிக்கெட் உள்ள இடமெல்லாம் ஞாயிறு ஒரே பகலில் முடிய வேண்டும். திங்களுக்குக் கோயில், கடைத்தெரு, கடற்கரை என்று பூட்டு இல்லாதவற்றை வையுங்கள்.

நான் தக்கலைக்காரன். அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு அந்த ஊருக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறேன். டாக்டர் பார்த்து முடித்ததும் அரை நாள் மிச்சம் இருக்கும், அம்மாவுக்கு நேரே வீடு திரும்பப் பிடிக்காது. அந்த அரை நாட்களில்தான் ஊர் பிடிபட்டது. பார்க்கத் தகுந்ததெல்லாம் பெரும்பாலும் இரண்டு கூட்டமாக இருக்கிறது. ஒன்று கிழக்கே கோட்டை என்கிற பகுதி: கோயில், பத்மதீர்த்தக் குளம், குதிரை மாளிகை, பழவங்காடி பிள்ளையார், சாலை பஜார், எல்லாம் நடக்கிற தூரம். இன்னொன்று மியூசியம் வளாகம்: மிருகக்காட்சி சாலை, நேப்பியர் மியூசியம், ஓவியக்கூடம், எல்லாம் ஒரே மதிலுக்குள். இரண்டுக்கும் நடுவில் எம்.ஜி. ரோடு. அரை நாளுக்கு ஒரு கூட்டம், அதற்கு மேல் வேண்டாம்.

ஞாயிறு: இரணியலில் ரயில் ஏறுங்கள். திருவனந்தபுரம் ஸ்டேஷன் இருக்கிற தம்பானூரில் இறங்கியதும் பையை லாட்ஜில் போட்டுவிட்டு ஆட்டோ பிடித்து மியூசியம். மிருகக்காட்சி சாலை ஒன்பதுக்கே திறக்கும், மியூசியம் பத்துக்கு. முதலில் மிருகங்கள், வெயில் ஏறியபிறகு கட்டிடத்துக்குள். சாப்பிட்டுவிட்டு மத்தியானம் குதிரை மாளிகை. அங்கே உச்சிக்கு இடைவேளை விடுவார்கள், ஒரு மணிக்குப் போய் வாசலில் நிற்காதீர்கள்.

9 நவம்பர், மாலை

கோவளம் போகாமல் என்ன திருவனந்தபுரம் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அவர் மதுரைக்காரர் போலிருக்கிறது, கேட்பது நியாயம். நம் ஊர்க்காரருக்கு அந்த நியாயம் பொருந்தாது.

கருங்கல்லிலிருந்து குறும்பனைக்கு எவ்வளவு நேரம்? குளச்சலுக்கு எவ்வளவு? முட்டத்தில் பாறை மேல் நின்று பார்க்கிற கடலுக்குக் குறைந்த கடல் கோவளத்தில் ஒன்றும் இல்லை. கலங்கரை விளக்கம்தான் வேண்டுமென்றால் முட்டத்திலேயே இருக்கிறது. கோவளம் அழகான இடம்தான், மறுக்கவில்லை. ஆனால் நகரத்திலிருந்து பதினைந்து கிலோமீட்டர் அளவுக்குப் போய், நாம் அன்றாடம் பார்க்கிற கடலையே பார்த்துவிட்டுத் திரும்புவதற்கு, இருக்கிற ஒரே பகலைக் கொடுக்க வேண்டுமா? வேளியும் அப்படித்தான். காயலும் கடலும் சேருகிற இடம், படகு உண்டு. நம் தேங்காப்பட்டணத்தில் ஆறு கடலோடு சேருவதைப் பார்த்த பிள்ளைகளுக்கு அது புதிதாக இருக்காது.

வெளியூர் போனால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: நம் ஊரில் இருப்பதைக் கழித்துவிட வேண்டும். அப்போதே பட்டியல் பாதியாகும்.

11 நவம்பர்

மிருகக்காட்சி சாலையா, கோளரங்கமா, எது வேண்டும் என்று பெரியவன் கேட்கிறானாம். இரண்டும் ஒரே பகலில் சேராது, அவனே முடிவு செய்யட்டும். பத்து வயதுக்காரன் ஆசைப்பட்டால் கோளரங்கம் நல்ல இடம்தான். காட்சி மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் ஓடும், நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மலையாளம் பிரச்சினை இல்லை. ஆறு வயதுக்காரிக்கு மட்டும் மிருகங்கள்தான்.

அந்த மிருகக்காட்சி சாலை 1857-ல் தொடங்கியது. உள்ளே ஏற்ற இறக்கம் அதிகம், பெரிய பெரிய மரங்கள். நீர்யானை உண்டு. 2023-ல் அங்கிருந்து ஓர் அனுமன் குரங்கு தப்பி, சில வாரம் நகரத்து மரங்களிலேயே குடியிருந்து, ஊரையே அண்ணாந்து பார்க்க வைத்தது. இதைப் பிள்ளைகளிடம் சொல்லிக் கூட்டிப் போங்கள், குரங்குக் கூண்டை விட்டு நகர மாட்டார்கள்.

அத்தையை அந்த ஏற்றத்தில் நடக்க வைக்க வேண்டாம். வெளியே தோட்டத்தில் நிழலும் பெஞ்சும் இருக்கின்றன.

பத்து மணிக்கு நேப்பியர் மியூசியம். 1880-ல் கட்டிய கட்டிடம், ராபர்ட் சிசம் வரைந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபத்தைக் கட்டியவரும் அவரே. வாசலில் நின்று ஒரு நிமிடம் மேலே பாருங்கள். கேரளக் கோயில் கூரை மாதிரி கூர்மையான முகடுகள், சுவரில் நிறம் நிறமாகச் செங்கல் பட்டைகள். உள்ளே காற்று தானாக ஓடும்படி அமைத்திருக்கிறார்கள். செப்புத் திருமேனிகள், தந்த வேலைப்பாடு, மரத்தேர் என்று சேகரிப்பு இருக்கிறது. பிள்ளைகளை ஒவ்வொரு பெட்டியாக நிறுத்தி வாசிக்கச் சொல்லாதீர்கள். கால் மணி நேரம் போதும்.

நேரம் கொடுக்க வேண்டியது ரவி வர்மா ஓவியங்களுக்கு. அதே வளாகத்தில்தான். 1935-ல் ஸ்ரீ சித்ரா ஓவியக்கூடமாகத் தொடங்கியது, 2023-ல் ரவி வர்மாவுக்கென்றே புதுக் கூடம் திறந்தார்கள். நம் வீட்டுப் பூஜை அறையில் இருக்கிற லட்சுமியும் சரஸ்வதியும் அந்த மனிதர் வரைந்து, அச்சில் வந்து, வீடு வீடாக இறங்கியவர்கள். காலில் முள் எடுக்கிற சாக்கில் திரும்பிப் பார்க்கிற சகுந்தலையை அச்சுப்படமாக எத்தனையோ இடத்தில் பார்த்திருப்போம். அசலின் முன்னால் நின்றால் அந்தச் சேலை மடிப்பில் விழுகிற வெளிச்சம் தனியாகத் தெரியும். என் அம்மா அந்தப் படத்தின் முன்னால் முள்ளைத் தேடினாள். ‘முள்ளே இல்லியே’ என்றாள். அன்றைக்கு முழுக்க எங்களுக்கு அதே பேச்சு.

13 நவம்பர்

கோயிலைத் திங்கள் விடியற்காலை வைப்போமா என்று கேட்டிருக்கிறார். நானும் அதைத்தான் சொல்ல இருந்தேன், யோசித்தபோது வேறாகத் தோன்றியது. கார்த்திகை பிறந்துவிடும். சபரிமலைக்குப் போகிற ஐயப்ப பக்தர்கள் வழியில் பத்மநாபனையும் கும்பிட்டுத்தான் போவார்கள். விடியற்காலையிலும் கூட்டம் இருக்கும். ஆறு வயதுப் பிள்ளையை மூன்றரைக்கு எழுப்பி வரிசையில் நிறுத்த முடியாது.

ஆகவே ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு நடை திறக்கும்போது முயற்சி செய்யுங்கள். வரிசை அத்தைக்குத் தாங்காது என்று தெரிந்தால் பேசாமல் திரும்பிவிடலாம், திங்கள் காலை இன்னொரு வாய்ப்பு கையில் இருக்கிறது. வீட்டில் யாருக்கு எது முக்கியமோ அதை முதல் நாளே வைக்க வேண்டும். கடைசியில் வைத்தால் மழை வந்தாலும் போச்சு, கூட்டம் வந்தாலும் போச்சு.

உடை: ஆண்களுக்கு வேட்டி, மேலே சட்டை கூடாது, பையனுக்கும் ஒரு சின்ன வேட்டி எடுத்துவையுங்கள். உங்களுக்குச் சேலை. சுரிதார் போட்டு வந்தவர்கள் மேலே வேட்டி சுற்றித்தான் போக முடியும், வாசலில் கிடைக்கும். செல்போன் உள்ளே விடமாட்டார்கள்.

அத்தையிடம் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். சுவாமி பதினெட்டு அடி நீளத்தில் படுத்திருக்கிறார், மூன்று வாசல் வழியாகத்தான் பார்க்க வேண்டும். முதல் வாசலில் திருமுகமும் சிவலிங்கத்தின் மேல் தாழ்ந்த கையும், நடு வாசலில் நாபித் தாமரையும் பிரம்மாவும், மூன்றாவதில் திருவடி. நீங்கள் நிற்பது ஒற்றைக்கல் மண்டபம், அங்கே நிற்க விடுவது கொஞ்ச நேரம்தான். உள்ளே இருட்டு, எண்ணெய் விளக்குதான். தெரியாமல் போகிறவர்கள் முதல் வாசலிலேயே கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டு நின்றுவிடுவார்கள், மற்ற இரண்டும் கண்ணில் படாமலே வெளியே வந்துவிடுவார்கள். கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கூட்டத்தால் தரிசனம் அமையாமல் போனால் அத்தை மனம் வருந்த வேண்டாம். நம் திருவட்டாறு ஆதிகேசவன் இருபத்திரண்டு அடி, அங்கேயும் மூன்று வாசல்தான், பக்கத்தில் போய் ஆற அமர நின்று பார்க்கலாம். 2022-ல் கும்பாபிஷேகம் நடந்தபிறகு கோயில் பார்க்கவே தெளிவாக இருக்கிறது. இரண்டு பெருமாளும் ஒருவரை ஒருவர் பார்த்தபடி படுத்திருப்பதாக நம் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வார்கள்.

ஆற்றுக்காலுக்கு ஆட்டோவில் கொஞ்ச தூரம்தான். திங்கள் காலை நேரம் இருந்தால் போங்கள்.

14 நவம்பர்

காரா ரயிலா என்றால் ரயில். மார்த்தாண்டம், களியக்காவிளை, பாலராமபுரம் என்று வரிசையாக நெரிசல், ஊருக்குள் வண்டி நிறுத்த இடம் தேட வேண்டும். திங்கள் இரவு பெட்டியோடு திரும்ப மட்டும் ஊரிலிருந்து கார் வரச்சொல்லுங்கள். துபாய்ப் பெட்டிகளை ரயிலில் ஏற்றி இறக்கிப் பாருங்கள், தெரியும்.

16 நவம்பர்

தூக்கம் வரவில்லை, இதை எழுதாமல் விட மனசும் இல்லை.

திருவனந்தபுரத்தை வேற்று ஊர் என்று நினைத்து எழுதுகிறார்கள் பலர். 1956-ல் தமிழ்நாட்டுப் பக்கம் சேரும் வரை நம் மாவட்டத்துக்கும் அதுதான் தலைநகரம். அதற்கு முன்னால், 1795 வரை, திருவிதாங்கூர் நாட்டுக்கே தலைநகரம் நம் பத்மநாபபுரம். பிள்ளைகளுக்குக் கதை சொல்ல வேண்டுமென்றால் குளச்சலில் தொடங்குங்கள். 1741-ல் அங்கே டச்சுக்காரரைத் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா தோற்கடித்தார், வெற்றித்தூண் இன்னும் நிற்கிறது. 1750-ல் அவர் தன் நாட்டையே பத்மநாபசுவாமிக்கு எழுதிவைத்துவிட்டு, தான் அவருடைய தாசன் என்று ஆண்டார். இது தெரிந்த பிள்ளை அந்தக் கோயில் கோபுரத்தைப் பார்க்கிற விதமே வேறு.

எம்.ஜி. ரோட்டில் ஆட்டோ போகும்போது தலைமைச் செயலகத்தின் முன்னால், திருவிதாங்கூர் திவானாக இருந்த வேலுத்தம்பி தளவாய் சிலை வரும். அவர் பிறந்தது தலக்குளம். இரணியல் ஸ்டேஷனிலிருந்து எவ்வளவு தூரம், நீங்களே சொல்லுங்கள். நீங்கள் ரயில் ஏறுகிற இடத்துக்காரருக்கு அங்கே தலைமைச் செயலக வாசலில் சிலை! சாலை பஜாரை ஏற்படுத்திய திவான் ராஜா கேசவதாஸ் விளவங்கோடு பக்கத்துக் குன்னத்தூர்க்காரர். பழவங்காடி பிள்ளையார் முதலில் பத்மநாபபுரத்தில் நாயர் படையிடம் இருந்தவர் என்றுதான் சொல்லி வருகிறார்கள். தலைநகரம் மாறியபோது படையோடு அவரும் மாறினார், இன்றைக்கும் இந்திய ராணுவம்தான் அந்தக் கோயிலைப் பார்த்துக்கொள்கிறது. அங்கே தேங்காய் உடைக்கப் பிள்ளைகளுக்கு நிச்சயம் பிடிக்கும்.

நவராத்திரிக்கு நம் ஊரிலிருந்து மூன்று சாமிகள் புறப்படுவதைப் பார்த்திருப்பீர்கள். பத்மநாபபுரம் சரஸ்வதி, வேளிமலை முருகன், சுசீந்திரம் முன்னுதித்த நங்கை. எங்கள் தெரு வழியாகத்தான் போகும். சரஸ்வதி போய் இருக்கிற நவராத்திரி மண்டபம் குதிரை மாளிகைக்குப் பக்கத்தில்தான். மத்தியானம் அங்கே போகும்போது அத்தைக்குக் காட்டுங்கள். வருஷா வருஷம் வழியனுப்புகிறவர்களுக்குப் போய்ச் சேருகிற இடத்தையும் பார்க்க வேண்டும் என்று இருக்கும்.

குதிரை மாளிகை சுவாதித் திருநாள் கட்டியது. அவர் இசை எழுதியவர், முப்பத்து மூன்று வயதில் போய்விட்டார். கூரையைத் தாங்குகிற இடத்தில் வரிசையாக 122 மரக்குதிரைகள். சின்னவளை எண்ணச் சொல்லுங்கள், ஒரு சுவர் முடிவதற்குள் கழுத்து வலிக்கும். குளத்துப் பக்கம் மேத்தன் மணி என்கிற பழைய கடிகாரம் இருக்கிறது, தாடிக்கார முகமும் இரண்டு ஆட்டுக்கடாவும். மணி அடிக்கும்போது முகம் வாயைத் திறக்கும், கடாக்கள் கன்னத்தில் முட்டும். மணி அடிக்கிற நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னால் போய் நில்லுங்கள்.

17 நவம்பர்

அரண்மனை பார்க்க வேண்டுமென்றால் பத்மநாபபுரம் போதாதா என்று ஒருவர் எழுதியிருக்கிறார். போதாதா என்று கேட்பதே தப்பு, அதற்கு நிகர் அங்கே எதுவும் இல்லை. குதிரை மாளிகையில் இருபது அறைதான் திறந்திருக்கும். இங்கே பூமுகத்தில் நுழைந்ததும் தலைக்கு மேல் பாருங்கள், தேக்குக் கூரையில் ஒவ்வொரு பூவும் ஒவ்வொரு விதமாகச் செதுக்கியிருக்கிறார்கள், அதிலிருந்து குதிரைவீரன் விளக்கு தொங்கும். கருப்புத் தரை முகம் தெரிகிற அளவு வழவழப்பு. தக்கலையில் இருந்துகொண்டே நாற்பது வயது வரை உள்ளே போகாதவர்களை எனக்குத் தெரியும். ஆனால் இங்கேயும் திங்கள் மூடல், நிர்வாகம் கேரளத் தொல்லியல் துறை. இந்தப் பயணத்தில் சேர்க்க முடியாது. வீட்டுக்காரர் வந்தபிறகு எல்லோருமாக ஒரு நாள் வாருங்கள்.

18 நவம்பர்

லுலு மாலை நான் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன் என்று சிலருக்கு வருத்தம். அடிக்கவில்லை. ஞாயிறு போகாதீர்கள் என்பேன், அது நல்ல பகல். திங்கள் மத்தியானம் மழை பிடித்துக்கொண்டால் அதைவிடத் தோதான இடம் வேறில்லை. விமான நிலையமும் அங்கிருந்து கிட்டத்தான். மழை இல்லையென்றால் சங்குமுகம். கடல் வேண்டாம் என்றவன் சங்குமுகம் சொல்கிறேனே என்றால், அங்கே போவது விமானம் பார்க்கவும் கானாயி குஞ்ஞிராமன் செய்த அந்தப் பிரமாண்டமான சாகரகன்னிகை சிலையைப் பார்க்கவும். பத்மநாபசுவாமி ஆறாட்டுக்கு, அதாவது நீராட்டு விழாவுக்கு, இந்தக் கடற்கரைக்குத்தான் வருவார். ஊர்வலம் ஓடுபாதையைக் கடந்து போக, வருஷத்துக்கு இரண்டு தடவை விமானங்கள் நிற்கும்.

கவனம்: வெளிநாட்டு விமானம் வருகிற முனையம் சங்குமுகத்தில் இல்லை. ஓடுபாதைக்கு அந்தப் பக்கம், சாக்கை என்கிற இடத்தில். ஆட்டோக்காரரிடம் வெறுமனே ஏர்போர்ட் என்று சொல்லாமல் இண்டர்நேஷனல் என்று சொல்லுங்கள்.

20 நவம்பர்

சாப்பாடு பற்றி இரண்டு வரி. தம்பானூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இந்தியன் காபி ஹவுஸ், லாரி பேக்கர் கட்டிய சிவப்புச் செங்கல் கட்டிடம். படி கிடையாது. சுருள் சுருளாகச் சரிந்து ஏறுகிற ஒரே பாதை, அதன் ஓரத்திலேயே மேசையும் இருக்கையும் கட்டியிருக்கிறார்கள். சுவர் முழுக்க ஓட்டைகள், ஒவ்வொன்றிலும் தெருவின் ஒரு துண்டு தெரியும். மசால் தோசைக்குள் பீட்ரூட் இருக்கும், சிவந்த மசாலாவைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அத்தைக்காகக் கீழேயே இடம் பிடியுங்கள். பிள்ளைகள் மேலே ஓடி ஓடி இறங்குவார்கள், பட்டியலில் இல்லாத இந்த இடத்தைத்தான் ஊரில் போய்ச் சொல்வார்கள்.

26 நவம்பர்

போய் வந்துவிட்டார்கள். அவர் எழுதியதைச் சுருக்கித் தருகிறேன், அடுத்து போகிறவர்களுக்கு உதவும்.

ஞாயிறு ரயில் தாமதம், மிருகக்காட்சி சாலைக்குள் போனபோதே பத்தரை. அதனால் மியூசியத்தை விட்டுவிட்டு ஓவியக்கூடம் மட்டும் போயிருக்கிறார்கள். சரியான முடிவு. அத்தைக்குத் தரிசனம் ஞாயிறு மாலையே கிடைத்தது, மூன்று வாசலும் பார்த்தாராம். திங்கள் காலை நேரம் மிஞ்சியதால் சாலை பஜாரில் பாத்திரக்கடை ஒன்றில் அத்தை ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டார், உருளி வாங்கினார். ஆற்றுக்கால் போகவில்லை. அத்தையே வேண்டாம் என்று சொன்னாராம். கோளரங்கம் போக முடியாததில் பெரியவனுக்கு மட்டும் வருத்தம் இருக்கிறது, அது நியாயமான வருத்தம். அடுத்த தடவை அவன் சொல்கிற இடம்தான் முதலில்.

28 நவம்பர்

தம்பதிகள் இரண்டு பேர், பிள்ளைகள் இல்லை, பாட்டு பிடிக்கும், ஒரு நாள்தான் கையில் என்று புதிதாக ஒருவர் கேட்டிருக்கிறார். அப்படியானால் ஜனவரி முதல் பாதியில் போங்கள். சுவாதித் திருநாள் நினைவாகக் குதிரை மாளிகை முற்றத்தில் சங்கீத உற்சவம் நடக்கும், மாலைக் கச்சேரி, டிக்கெட் கிடையாது. பகலில் ரவி வர்மா, சாயங்காலம் கச்சேரி. புதன்கிழமை என்றால் மட்டும் மியூசியம் மத்தியானத்துக்கு மேல்தான் திறக்கும், அதற்கேற்றபடி ரயில் பிடியுங்கள். உட்கார நல்ல இடம் வேண்டுமென்றால் சீக்கிரமே போய்விடுங்கள்.